சாறு அடுப்பைப் பார்க்கக் கூடாது

வெயில் ஏறத் தொடங்கியதுமே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் வீட்டில் சர்பத் போடுவதைப் பற்றித்தான். நான் வாக்கப்பட்டு வந்தது புளியங்குடிப் பக்கம். மலையடிவாரம், சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு. 31 வருஷமாக வீட்டுச் செலவுக்கும் சொந்தபந்தங்களுக்கும் சர்பத் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் எலுமிச்சை சர்பத் போடுகிறேன். செய்த அன்று நன்றாக இருக்கிறது, மறுநாளே கசப்பு ஏறிவிடுகிறது. பழத்தை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, வடிகட்டி, பாகில் ஊற்றி ஒரு கொதி விடுகிறேன். பழத்தில் குறையா, என் கைப்பக்குவத்தில் குறையா?
— திண்டுக்கல் வாசகி

பழத்திலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை அம்மா. மிக்ஸியும் அந்த ஒரு கொதியும்தான் காரணம்.

எலுமிச்சையின் விதையிலும், தோலுக்கு உள்பக்கம் இருக்கிற வெள்ளைச் சதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்வரை அது கசக்காது. புளிப்புச் சாற்றில் கலந்த பிறகு மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். அதனால்தான் பிழிந்த அன்று நாக்குக்குத் தெரியாமல் மறுநாள் தெரிகிறது. சூடு காட்டினால் அந்த மாற்றம் இன்னும் சீக்கிரம் நடக்கும். நீங்கள் விதையையும் வெள்ளையையும் அரைத்துச் சாற்றில் இறக்கி, போதாததற்கு அடுப்பிலும் ஏற்றிவிட்டீர்கள்.

என் மாமியார் பிழிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோல் மெல்லிசான, நன்றாக மஞ்சள் கண்ட பழமாகப் பொறுக்குவார்கள். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, சிமென்ட் தரையில் உள்ளங்கையை வைத்து நாலு உருட்டு உருட்டுவார்கள். காம்பிலிருந்து நுனிக்கு வெட்ட மாட்டார்கள், குறுக்கேதான் வெட்டு. அப்படி வெட்டினால் எல்லாச் சுளையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், விதையும் கண்ணுக்குத் தெரியும். வேப்பங்குச்சி முனையால் விதையை நெம்பி எடுத்துவிட்டு, கட்டைவிரலால் ஒரே ஒரு அமுக்கு. அவ்வளவுதான். புதிதாக வந்த நான், இன்னும் சாறு இருக்கிறதே என்று அந்த மூடியை எடுத்து மறுபடி பிழியப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அது ஊறுகாய்க்கு உள்ள பங்கு” என்றார்கள். மிச்சச் சாறோடு அந்த மூடிகள் அப்படியே உப்பு ஜாடிக்குப் போகும். ஒட்டப் பிழிந்தால் கடைசியாக வருவது சாறு இல்லை, வெள்ளைச் சதையின் கசப்பும் தோலின் எண்ணெயும்தான்.

பிழிந்த சாற்றை உடனே மல்துணியில் வடிகட்டுங்கள். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், தானாக இறங்கட்டும். 1 கிலோ பழத்துக்குச் சுமார் 400 மி.லி. சாறு கிடைக்கும்.

இனி அளவு. சாறு 500 மி.லி., சீனி 1 கிலோ. தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். இரண்டையும் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, மூன்று நாள் காலை வெயிலில் வையுங்கள். காலையிலும் சாயங்காலமும் காய்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறுங்கள். முதல் நாள் அடியில் மணல் மாதிரி சீனி கிடக்கும், கரையவே கரையாது போல இருக்கும். பயந்துபோய் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு பங்கு தண்ணீர், அறையின் சூட்டில் தன் எடையைப் போல இரண்டு மடங்கு சீனியைத்தான் கரைக்கும். நாம் அந்த எல்லை வரைக்கும் போட்டிருக்கிறோம், அதனால் நேரம் எடுக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்டியைத் தூக்கினால் தேன் போல ஒழுகும், அடியில் நெறநெறப்பு இருக்காது. ஒரு லிட்டருக்குச் சற்று மேலே சர்பத் தேறும்.

மழைக்காலமாக இருந்து வெயிலுக்கு வழியில்லை என்றால், 1 கிலோ சீனிக்கு 400 மி.லி. தண்ணீர் விட்டு ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு (விரலில் தொட்டுப் பிரித்தால் ஒரு நூல் நிற்பது) சற்று முன்னால் இறக்கி ஆறவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. அதன் பிறகு 400 மி.லி. சாற்றை ஊற்றிக் கலக்குங்கள். இது தண்ணீர் சேர்ந்தது, ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். எந்த முறையானாலும் சாறு அடுப்பைப் பார்க்கக் கூடாது. கொதித்த சாற்றில் புளிப்பு நிற்கும், வாசனை நிற்காது.

இவ்வளவு சீனியா? என் கணவருக்குச் சர்க்கரை நோய். பாதி சீனி போட்டுச் செய்யலாமா? அல்லது பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரையில் செய்யலாமா?
— சேலம் வாசகி

சர்பத்தில் சீனி இனிப்புக்காக மட்டும் போடுவதில்லை, கெடாமல் காப்பதே அதுதான். நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் சீனி இருந்தால் அதிலுள்ள தண்ணீரைப் பூஞ்சையும் நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டும் லேசில் எடுத்துக்கொள்ள முடியாது. பாதியாகக் குறைத்தால் அந்தக் காவல் போய்விடும். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியதுதான்.

உங்கள் கணவர் விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் சொன்ன அளவில் செய்த சர்பத் 30 மி.லி. எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்தால், அதில் மட்டும் சுமார் 27 கிராம் சீனி இருக்கும். ஐந்தாறு டீஸ்பூன் வரும். பனங்கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும் மணத்தில் வேறே தவிர, சர்க்கரை நோய்க்காரர் உடம்புக்கு அவையும் சர்க்கரைதான். “நாட்டுச் சர்க்கரைதானே” என்று இரண்டு தம்ளர் குடித்துவிட்டு வரும் உறவுக்காரர்களைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது. அவருக்கு சர்பத் வேண்டாம் அம்மா. பழம் மலிவாக இருக்கும்போது சாற்றை வடிகட்டி ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டு, உப்பும் தட்டிய இஞ்சியும் சேர்த்துக் கொடுங்கள். அவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு தம்ளர் குடித்தார் என்று இருக்கும்.

பரணில் வைத்த சர்பத் புட்டியைத் திறந்தால் சோடா மாதிரி பொங்குகிறது. மேலே வெள்ளையாகப் படர்ந்தும் இருக்கிறது. வடிகட்டிக் குடிக்கலாமா?
— சிவகாசி வாசகர்

வேண்டாம் தம்பி, கொட்டிவிடுங்கள். பொங்குகிறது என்றால் உள்ளே நொதித்துவிட்டது. வெள்ளைப் படலத்தை எடுத்துவிட்டாலும் அடியில் உள்ளது நல்லதாகிவிடாது.

இதே தவறு எங்கள் வீட்டிலும் நடந்தது. அந்த வருஷம் பாகு முறையில் போட்டேன். அவசரத்தில் ஈரம் காயாத புட்டியில், இளஞ்சூடாக இருக்கும்போதே ஊற்றி மூடியையும் இறுக்கித் திருகிவிட்டேன். ஆறில் இரண்டு புட்டி ஒரு மத்தியானம் பரணிலேயே வெடித்தது. கீழே தொட்டிலில் என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சில்லுகூட அவள் மேல் விழவில்லை, ஆனால் அந்தச் சத்தம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சூடாக ஊற்றி மூடினால் ஆவி மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, திரும்பச் சர்பத்தின் மேலேயே சொட்டும். புட்டி முழுக்கக் கெட்டியாக இருந்தாலும் மேலே மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் நின்றுவிடும். ஈஸ்ட் குடியேற அந்த இடம் போதும். எனவே புட்டியை வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்தி, முழுக்க ஆறிய சர்பத்தை ஊற்றுங்கள். எடுக்கும் கரண்டியும் காய்ந்ததாக இருக்கட்டும். இப்போது பரணில் வேறு புட்டிகள் இருந்தால், முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், மேலே ஒரு கனத்த துணியைப் போட்டு மெல்லத் திறந்து காற்றை வெளியே விடுங்கள்.

தேசிக்காய் (எலுமிச்சை) சாறு விட்டு நான் போட்ட பாணி (சர்பத்) ஒரு மாதத்தில் அடியில் கற்கண்டு போல இறுகிவிட்டது. சீனிப்பாகைக் காய்ச்சும்போது விடாமல் துழாவிக்கொண்டுதான் நின்றேன். என்ன பிழை?
— யாழ்ப்பாணத்து வாசகி

விடாமல் துழாவியதுதான் பிழை. சீனி கரையும்வரைக்கும்தான் துழாவ வேண்டும். கொதி வந்துவிட்டால் அகப்பையை எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு பருக்கைச் சீனி பாகில் விழுந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் திரும்பப் படியத் தொடங்கும். ஈரத்துணியைக் கரண்டியில் சுற்றி ஓரங்களைத் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பாகு கொதிக்கும்போது அதில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். சாறு அடுப்பைப் பார்க்கக் கூடாது என்று மேலே சொன்னேன், இந்த ஒரு தேக்கரண்டி மட்டும் விலக்கு. அந்தப் புளிப்பு, சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடும். அவை கலந்திருந்தால் பாகு லேசில் இறுகாது. இறுகிய போத்தலை வீணாக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், மெல்லக் கரைந்துவிடும்.

சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் இப்படியே செய்யலாமா?
— கோயம்புத்தூர் வாசகி

சாத்துக்குடியை விட்டுவிடுங்கள். புளிப்புக் குறைவு, பிழிந்து ஒரு மணி நேரம் வைத்தாலே கசந்துவிடும். அதை அப்போதே பிழிந்து அப்போதே குடிப்பதுதான் அழகு.

கமலா ஆரஞ்சு நன்றாக வரும். ஆனால் அதன் வாசனை சாற்றில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம். வெள்ளை படாமல் மேல்தோலை மட்டும் துருவி, சீனியோடு சேர்த்து விரலால் கசக்குங்கள். சீனி ஈரமாகி மஞ்சள் ஏறி, கை மணக்கும். அரை நாள் அப்படியே மூடிவைத்துவிட்டு, பிறகு சாற்றை ஊற்றுங்கள். ஆரஞ்சுச் சாறு மூன்று பங்கென்றால் எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு கட்டாயம் சேர வேண்டும். அது இல்லாவிட்டால் ருசி தட்டையாக இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

நன்னாரி சர்பத்தில் எலுமிச்சையை எப்போது சேர்க்க வேண்டும்?
— மதுரை வாசகர்

புட்டியில் சேர்க்கவே வேண்டாம், தம்ளரில் சேருங்கள். நன்னாரி வேரைத் தட்டி, நடுவில் இருக்கும் வெள்ளைக் குச்சியை எடுத்தெறிந்துவிட்டு, பட்டையை மட்டும் ராத்திரி முழுக்கச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டிய தண்ணீரில் பாகு காய்ச்சுங்கள். குடிக்கும்போது ஐஸ், நன்னாரிப் பாகு, அரை மூடி எலுமிச்சை. உங்கள் ஊர் சர்பத் கடைகளிலும் கண் முன்னால்தானே பிழிகிறார்கள்.

பாட்டியின் பித்தளை அண்டா இருக்கிறது. அதில் செய்தால் ருசி கூடுமா?
— தஞ்சாவூர் வாசகி

வெள்ளீயம் பூசாத பித்தளையில் எலுமிச்சைச் சாறு படவே கூடாது. உலோகம் சாற்றில் இறங்கும், உடம்புக்குக் கெடுதல். அலுமினியமும் ஆகாது. எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி, இந்த மூன்றும்தான்.

அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், விற்கலாம் என்று இருக்கிறேன். கெடாமல் இருக்கக் கடையில் ஒரு பவுடர் தருகிறார்கள். போடலாமா?
— தென்காசி வாசகி

தாராளமாக விற்கலாம், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிரப் என்று பெயர் போட்டு விற்க, அதில் நூற்றுக்கு 25 பங்காவது பழச்சாறும், கரைந்த பொருள் 65 பங்கும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மேலே சொன்ன வெயில் முறையில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு சாறு வந்துவிடுகிறது.

நீங்கள் சொல்லும் பவுடர் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டாக இருக்கும். 1 கிலோ சர்பத்துக்கு 0.6 கிராம் அளவில் போடுவார்கள். ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று கையால் போடுகிற பொருள் அல்ல அது. கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் தராசு வேண்டும், புட்டியில் அதன் பெயரையும் எழுத வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு அது மூச்சுமுட்டலைக் கொண்டுவரும். நான் போடுவதில்லை. சீனி அளவு சரியாகவும் புட்டி காய்ந்தும் இருந்தால் தேவைப்படவும் இல்லை.

நீங்கள் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கோடையில் பழம் வாங்காதீர்கள். சில வருஷம் சித்திரையில் ஒரு பழம் 10 ரூபாய்க்கும் போயிருக்கிறது. மழை விழுந்து வரத்து கூடும் மாதங்களில் மூட்டையாக வாங்கிச் சர்பத் போட்டு, புட்டிகளை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் கெடாவிட்டாலும் நிறம் பழுப்பேறும். ஒவ்வொரு புட்டியிலும் போட்ட தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் வருஷம் 20 புட்டிக்கு மேல் போட வேண்டாம்.