செர்பிய மொழியும் கசாக் மொழியும் நெருங்கிய மொழிகளா? தமிழருக்கு எது எளிது?

இரண்டுமே சிரில்லிக் எழுத்தில் (ரஷ்ய மொழியை எழுதுகிற எழுத்து) தானே எழுதப்படுகின்றன, ஒன்று தெரிந்தால் மற்றதைப் பிடித்துவிடலாமா, தமிழ் பேசுகிறவருக்கு எது சுலபம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மூன்று வருஷம் கசகஸ்தானில் உள்ள அல்மாத்தியில் வேலை பார்த்தேன். இப்போது செர்பியாவின் நோவி சாத் நகரில் நான்காவது வருஷம். கடையில் பேச, வீட்டுக்காரரோடு பேச, தேவைக்காகக் கற்றுக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உறவு. கிடையவே கிடையாது. செர்பியம் ஸ்லாவிய மொழி. வங்காளத்துக்கும் இந்திக்கும் கூட அது தூரத்துச் சொந்தம். கசாக் துருக்கிய மொழிக் குடும்பம். எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்து இவற்றை உறவாக்கினால், மராத்தியும் நேபாளியும் ஒரே மாதிரி எழுதப்படுவதால் ஒரே மொழி என்பது போல ஆகிவிடும்.

அந்த எழுத்தும் இரண்டு இடத்துக்கும் வந்த வழி வேறு. செர்பியத்தில் வூக் கராஜிச் என்பவர் 1818-இல் வியன்னாவில் அகராதி வெளியிட்டபோது எழுத்தையே திருத்தி அமைத்தார். பேசுவது போல எழுது, ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து, மொத்தம் 30. ஆங்கிலம் எழுதுகிற லத்தீன் எழுத்து வரிசையிலிருந்து ஒரு எழுத்தை எடுத்துச் சேர்த்ததற்குத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. அரசு அதை முழுமையாக ஏற்றது 1868-இல். அவர் இறந்து நாலு வருஷம் கழித்து. இன்றைக்கும் செர்பியர்கள் சிரில்லிக், லத்தீன் இரண்டிலும் சரளமாக எழுதுகிறார்கள். கடைப் பெயர் லத்தீனில், அரசுக் கடிதம் சிரில்லிக்கில்.

கசாக் எழுத்தின் கதையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கும். அரபு எழுத்தைக் கசாக் ஒலிகளுக்குப் பொருத்தமாகச் சீர்செய்தவர் அகமத் பைதுர்சின்உலி. 1929-இல் சோவியத் ஆட்சியில் அந்த எழுத்தை எடுத்துவிட்டு லத்தீன் கொண்டுவந்தார்கள். 1937-இல் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் அவரையும் கொன்றார்கள். 1940-இல் லத்தீனும் போய் சிரில்லிக் வந்தது. 1915-இல் பிறந்த ஒருவர் முப்பது வயதுக்குள் மூன்று எழுத்து பழகியிருக்க வேண்டும். தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாது. இப்போதுள்ள 42 எழுத்தில் ஒன்பது, ரஷ்ய மொழியில் இல்லாத கசாக் ஒலிகளுக்கானவை. அதில் ஒன்று நம் ங். 2017-இல் மறுபடி லத்தீனுக்குப் போவதாக முடிவெடுத்து, வரைவுக்கு மேல் வரைவாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எது எளிது? இலக்கணத்தைப் பார்த்தால் தயங்காமல் கசாக் என்பேன். அல்மாத்தியில் எங்கள் வீட்டுக்கார அம்மா ஒரு நாள் பவுர்சாக் என்ற மாவுப் பண்டத்தைப் பொரித்துக்கொண்டு வந்து தட்டை என் பக்கம் தள்ளி, "ஜெப் கோர், பலாம்" என்றார். ஜெப் என்றால் சாப்பிட்டு. கோர் என்றால் பார். பலாம் என்றால் என் பிள்ளை. "சாப்பிட்டுப் பார், பிள்ளை." சொல்லுக்குச் சொல் அப்படியே! கை நிறைய மாவோடு அவர் நிற்க, நான் பவுர்சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இந்த மாதிரி வினைகளைத் தேட ஆரம்பித்தேன். "அய்த்திப் பெர்" என்றால் சொல்லித் தா. "ஜஸிப் பெர்" என்றால் எழுதிக் கொடு. படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்குப் "படித்து உட்கார்ந்திருக்கிறேன்" என்பார்கள்; உட்கார், நில், படு, நட ஆகிய நான்கு வினையும் நம் 'கொண்டிரு' செய்கிற வேலையைச் செய்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது 'ஆகெல்'. 'அலிப் கெல்', அதாவது 'எடுத்து வா' என்பது பேச்சில் தேய்ந்து ஆகெல் ஆகியிருக்கிறது. நாம் 'கொண்டு வா'வைத் தேய்த்துக் 'கொண்டா' ஆக்கியது போலவே. இதை வைத்துத் தமிழும் கசாக்கும் சொந்தம் என்று கிளம்பிவிடாதீர்கள், அப்படி நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கற்கிறவனுக்கு இது பெரிய வசதி. தமிழில் யோசித்த வாக்கியத்தை அதே வரிசையில் வைத்தால் பெரும்பாலும் கசாக் வாக்கியம் ஆகிவிடும்.

"எங்கள் வீடுகளில்" என்பதை எடுத்துக்கொள்வோம். கசாக்கில் ஒரே சொல்: ஊய்லெரிமிஸ்தெ. ஊய் வீடு, லெர் 'கள்', இமிஸ் 'எங்கள்', தெ 'இல்'. மணி கோப்பது போல ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், எதுவும் உருமாறாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சொல்லின் உயிர் ஒலிக்கும் கடைசி ஒலிக்கும் ஏற்ப விகுதியும் மாறும். ஊய் என்றால் லெர், பலா (பிள்ளை) என்றால் லர். செர்பியத்தில் இதுவே "உ நஷிம் குச்சாமா". 'இல்' முன்னால் போய் 'உ' ஆகிறது, 'எங்கள்' என்ற சொல்லும் வேற்றுமைக்கு ஏற்ப மாறுகிறது, அப்புறம் வீடும் மாறுகிறது. எண் சொன்னால் இன்னும் சிக்கல். ஒரு வீடு குச்சா, இரண்டு வீடு குச்சே, ஐந்து வீடு மறுபடி குச்சா, ஆனால் கடைசி உயிர் நீளும். கசாக்காரர் "ஐந்து வீடு" என்று ஒருமையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், நாம் பேச்சில் சொல்வது போல.

பால் வேறுபாட்டில் தமிழ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கசாக்கில் 'ஓல் கெல்தி' என்றால் வந்தான், வந்தாள், வந்தது எல்லாமே. செர்பியத்தில் 'வந்தேன்' என்று சொல்லக்கூட ஆண் என்றால் "தோஷாவோ சம்", பெண் என்றால் "தோஷ்லா சம்". இது எனக்கு நாக்கில் ஏற ஒரு வருஷம் ஆனது.

ஆனாலும் செர்பியம் ஒரு இடத்தில் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. என் பெயர் செந்தில். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் வாரமே மாடிப்படியிலிருந்து "செந்திலே!" என்று கூப்பிட்டார். எங்கள் ஊர்த் தெருவில் கேட்கிற அதே குரல். செர்பியத்தில் விளி வேற்றுமை உண்டு, ஆண் பெயர் மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் 'ஏ' சேரும். பேதர் என்றால் பேத்ரே, யோவன் என்றால் யோவனே. அவர் எனக்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை, அவருடைய இலக்கணம் அது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு மொழியிலும் பொதுச் சொற்கள் இருப்பது இன்னொரு சுவாரஸ்யம். செர்பிய நிலம் பல நூற்றாண்டு ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் இருந்ததால் துருக்கியச் சொற்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. கரண்டி செர்பியத்தில் காஷிகா, கசாக்கில் கஸிக். தலையணை யஸ்துக், ஜஸ்திக். பெரிய அண்டா இரண்டிலும் கஸான். கசாக்கில் மேசை 'உஸ்தெல்'. அது ரஷ்ய 'ஸ்தோல்'. முன்னால் ஓர் உயிரைப் போட்டுக்கொண்டார்கள், நாம் ஸ்டேஷனை 'இஸ்டேசன்' ஆக்கியது போல. செர்பியத்தில் அதே ஸ்லாவியச் சொல் 'ஸ்தோ'. கட்டில் இன்னும் அழகு. செர்பியத்தில் க்ரெவெத், கசாக்கில் கெரெவெத். மூலம் ஒரே கிரேக்கச் சொல். செர்பியாவுக்குத் துருக்கி வழியாகப் போனது, கசாக்குக்கு ரஷ்யா வழியாகப் போனது.

உறவுப் பெயர்களில் இரண்டு பேருமே நம்மை ஏமாற்றமாட்டார்கள். சகலைக்குச் செர்பியத்தில் பஷெனோக், கசாக்கில் பஜா. தாய்மாமனுக்கும் அப்பாவின் சகோதரருக்கும் செர்பியத்தில் தனித்தனிச் சொல். கசாக்கில் தங்கையை அண்ணன் சொன்னால் ஒரு சொல், அக்கா சொன்னால் வேறு சொல்.

எதைப் படிக்கலாம் என்று கேட்டால், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அல்மாத்தியில் நீங்கள் கசாக்கில் தொடங்கினாலும் பல பேர் ரஷ்ய மொழியில்தான் பதில் சொல்வார்கள். அதனால் பழக ஆள் தேட வேண்டும். வயதான அம்மாக்கள்தான் நல்ல ஆசிரியர்கள். செர்பியாவில் அந்தப் பிரச்சினை இல்லை. தப்பும் தவறுமாகப் பேசினாலும் நின்று கேட்பார்கள். எழுத்தை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, குச்சா, குச்சே கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சந்தைக்குக் கிளம்பிவிடுங்கள். ஐந்து என்பதற்கு 'பேத்' என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினால் தக்காளி கிடைத்துவிடும்.