தட்டினால் 'கிண்' என்று ஒலிக்க வேண்டும்: செங்கல் சுவர் பற்றிய கேள்வி-பதில்

நாட்டுச் செங்கல், சேம்பர் செங்கல் இரண்டையும் காட்டுகிறார்கள். சேம்பர் கல் விலை அதிகம். எப்படிப் பார்த்து வாங்குவது? (பென்னாகரம்)

பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், கல்லைப் பார்த்து வாங்குங்கள். நாட்டுச் சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கல் அளவுக்கு மீறி வெந்து கோணிப்போகும். வெளி அடுக்குக் கல் அரைவேக்காடாக நிற்கும். நடுவில் இருந்த கல் சேம்பர் கல்லுக்குச் சளைத்ததல்ல. ஆனால் லாரியில் மூன்றும் கலந்துதான் வரும். அறை அறையாகக் கட்டிய சேம்பர் சூளையில் அளவும் வேக்காடும் ஓரளவு ஒரே சீராக இருக்கும். கூடுதல் விலை அதற்குத்தான்.

இறக்குவதற்கு முன் லோடில் அங்கங்கே பத்துக் கல் எடுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம் போல 'கிண்' என்று ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் வேகவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. அப்புறம் ஒன்றை நீங்களே உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொட்டு இருந்தால் லோடையே திருப்பிவிடுங்கள். அது மண்ணோடு கலந்து வந்த சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல் துண்டு. சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி உள்ளேயே இருக்கும். ஈரம் பட்டதும் நீர்த்து ஊதும். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், குடிபோன மூன்றாம் மாதமே புதுப் பூச்சு வட்ட வட்டமாக, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தெறித்து விழுந்தது. ஒவ்வொரு குழிக்கு நடுவிலும் மாவு போல ஒரு வெள்ளைப் பொட்டு. பூசியவர் மேல் ஒரு தவறும் இல்லை. கல்லை உடைத்துப் பார்க்காமல் இறக்கியதுதான் காரணம்.

கடைசியாக ஒன்று. காய்ந்த கல்லை மளிகைக் கடைத் தராசில் எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம். சாதாரணச் செங்கலுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லையே இந்த 20 சதவீதம்தான்.

சாம்பல் கல்லில் கட்டினால் வீடு நிற்குமா? பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். (காரிமங்கலம்)

தாராளமாக நிற்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதோடு சுண்ணாம்பும் ஜிப்சமும், அல்லது சிமென்ட்டும், கிரஷர் தூளும் சேர்த்து அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். சூளை கிடையாது, விறகு கிடையாது, வயலின் மேல்மண்ணும் தப்பிக்கிறது. ஒரு அடி மேல்மண்ணைச் சுரண்டி விற்ற நிலத்தில் மறுபடி ராகி விளைவிக்கப் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால், இந்தக் கல்லை நான் மனதாரச் சிபாரிசு செய்கிறேன்.

பெரியவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. செங்கலுக்கு வலு நெருப்பில் வருகிறது. சாம்பல் கல்லுக்குத் தண்ணீரில், நாள் கணக்கில் வருகிறது. அச்சிலிருந்து எடுத்த வாரமே லாரி ஏற்றிய கல், சுவரில் ஏறிய பிறகு சுருங்கி மயிரிழை விரிசல் விடும். மூன்று வாரமாவது தண்ணீர் காட்டி ஆறிய கல்தானா என்று பட்டறையிலேயே நேரில் பார்த்து வாங்குங்கள். கட்டும்போதும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. செங்கலைத் தொட்டியில் போட்டு நீர்க்குமிழி வருவது நிற்கும் வரை ஊறவைக்க வேண்டும். சாம்பல் கல்லுக்கு மேலாகத் தெளித்தால் போதும்.

எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். புதுச் சுவரில் வெள்ளையாகப் பூக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (மொரப்பூர்)

இல்லை. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். சுவரில் பூப்பது வேறு உப்பு. செங்கல் மண், மணல், போர் தண்ணீர் இவற்றில் கரைந்திருக்கும் சல்பேட் போன்ற உப்புகள், ஈரம் காயும்போது மேலே வந்து படிகின்றன.

பூத்ததும் எல்லோரும் செய்யும் முதல் தவறு தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை பெயின்ட் பக்கமே போக வேண்டாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் மட்டும் விடாமல் பூத்தால் விஷயம் வேறு: பேஸ்மட்டத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, மண்ணின் ஈரம் மேலேறுகிறது.

மேஸ்திரி ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை போதும் என்கிறார். ஒன்றுக்கு மூன்று போட்டால் சுவர் இன்னும் உறுதியாக இருக்காதா? (ஊத்தங்கரை)

மேஸ்திரி சொல்வது சரி. ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6, நாலரை அங்குலத்துக்கு 1:4. கலவை கல்லைவிட வலுவாக இருந்தால், சுவர் கொஞ்சம் அசையும்போது விரிசல் மூட்டில் விழாமல் கல்லையே பிளந்துகொண்டு போகும். மூட்டில் விழுந்த விரிசலைச் சுரண்டி அடைத்துவிடலாம். மிச்சமாகும் சிமென்ட் காசை ஏழு நாள் தண்ணீர் காட்ட ஒரு ஆளுக்குக் கூலியாகக் கொடுங்கள். ஒரு நாளில் மூன்றடி, மிஞ்சினால் நான்கடி உயரத்துக்கு மேல் கட்ட விடாதீர்கள்.

எலிப்பொறிக் கட்டு எங்கள் பக்கம் சரிவருமா? (தேன்கனிக்கோட்டை)

வரும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் கூடு விட்டுக் கட்டுவார்கள். கால்வாசிக் கல் மிச்சமாகும். நடுவில் அடைபட்ட காற்று உங்கள் ஊர்க் குளிரையும் வெயிலையும் மட்டுப்படுத்தும். அளவு ஒத்த சேம்பர் கல்லும், இந்தக் கட்டு தெரிந்த கொத்தனாரும் அவசியம். மூலை, கதவு ஜன்னல் ஓரம், லிண்டலுக்குக் கீழ் வரிசை இவற்றைக் கூடு விடாமல் கட்ட வேண்டும். ஒயரிங் எங்கே போகிறது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு சுவரை வெட்டக் கூடாது.

தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீடு. சில வருடம் முன்பு சிமென்ட் பூசினோம், இப்போது பூச்சு தகடு தகடாகக் கழன்று கல்லும் பொரிகிறது. இடித்துவிடலாமா? (காவேரிப்பட்டணம்)

அவசரப்படாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை முகப்பு வழியாக வெளியே விட்டுக் காயும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது. போக இடமில்லாத ஈரமும் உப்பும் பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து கல்லை அரிக்கின்றன. முதலில் சிமென்ட் பூச்சு முழுவதையும் உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். பொரிந்த கல்லை மட்டும் மாற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரையைப் பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

சுவர் சாய்ந்திருந்தாலோ, மேலிருந்து கீழ் வரை பிளந்திருந்தாலோ இடிக்க வேண்டியதுதான். அப்போதும் ஜேசிபியை விடாதீர்கள். சிமென்ட் போலக் காரை கல்லைக் கவ்விப் பிடிக்காது. நான்கு ஆட்கள் கடப்பாரையும் கரண்டியும் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கழற்றினால் பெரும்பகுதிக் கல் முழுசாகக் கையில் வரும். காரையைத் தட்டிவிட்டு, ஊறவைத்து, பின்கட்டுக்கோ சுற்றுச்சுவருக்கோ அதையே வையுங்கள்.