பேட்டரி ஷெட் ஓரத்து நிலத்துல காட்டாமணக்கு போடலாமா?

மானூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க. 2 ஏக்கர் மானாவாரி கரிசல், மேற்கு வரப்ப ஒட்டி முன்னாடி பழைய லாரி பேட்டரிய உடைச்சு ஈயம் எடுக்குற ஷெட் ஒண்ணு இருந்திருக்கு, இப்போ மூடியாச்சு, ஆனா அந்த ஓரத்துல புல்லு கூட சரியா முளைக்க மாட்டேங்கு. காட்டாமணக்கு போட்டா விஷத்தையெல்லாம் உறிஞ்சிரும், கொட்டைய பயோடீசலுக்கு வித்து காசும் பாக்கலாம்னு ஒருத்தர் சொல்லுதாராம், நம்பி இறங்கலாமா?

அண்ணாச்சி, எண்ணெய் வித்து தாராளமா போடுங்க, ஆனா காட்டாமணக்கு வேண்டாம், செடி ஈயத்த எடுத்துரும்ங்கிற நம்பிக்கையும் வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர்ல மேல் அரையடி மண்ணு மட்டும் சுமாரா 800 டன் இருக்கும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம்னு வச்சுக்கிட்டா மொத்தம் 400 கிலோ ஈயம். செடி காஞ்ச எடையில ஏக்கருக்கு 2 டன் வந்து, அதுல கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறிச்சுன்னே வைங்க (ஈயத்துக்கு அதுவே ஜாஸ்தி), வருஷத்துக்கு வெளிய போறது 200 கிராம்தான். 400 கிலோவையும் எடுக்க 2000 வருஷம் ஆகும்! ஈயம் மண்ண இறுக்கிப் பிடிச்சுக்கும், அதுலயும் சுக்கான் (சுண்ணாம்புக் கல்லு) கலந்த நம்ம கரிசல்ல இன்னும் இறுக்கமா நிக்கும், செடி கொஞ்சம் இழுத்தாலும் பெரும்பகுதி வேர்லயே தங்கிரும். ஈடிடிஏங்கிற ரசாயனத்த ஊத்துனா செடி நல்லா இழுக்கும்னு யாராவது வித்தா வாங்காதீங்க, அது ஈயத்த கரைச்சு கிணத்துக்குள்ள இறக்கிரும்.

அப்போ செடி எதுக்குன்னா, மண்ண மூடி வைக்கதுக்கு. ஆனி ஆடியில நம்ம பக்கம் அடிக்கிற மேல்காத்து தெரியும்ல, வெறுமண்ணா கிடந்தா அந்த புழுதி நேரா வீட்டுக்குத்தான் வரும், ஈயத்துல பெரியவங்கள விட சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து கூட, மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வயலுக்குப் போட்ட செருப்ப வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, ஆட்ட அங்கன மேய விடாதீங்க, கீரை, கிழங்கு, கடலை எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். சூரியகாந்தியும் கடுகும் உலோகத்த இழுக்கும்னு பேரு உண்டு, ஆனா ரெண்டுமே மனுஷன் வாய்க்குப் போற வித்து, அதனால நான் சொல்ல மாட்டேன்.

என் சாய்ஸ் ஆமணக்கு. உலோகத்த தாங்கும், ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது, வேரும் ஆழமா போகும். ஐப்பசி மழைய ஒட்டி விதைச்சு, 4 அடிக்கு 3 அடி இடைவெளி விடுங்க, தொழுவுரம் தாராளமா போடுங்க, மக்குன எரு ஈயத்தையும் பிடிச்சு வைக்கும். வரப்பு ஓரமா புங்கை நடுங்க, காத்தையும் தடுக்கும், உப்பு மண்ணுலயும் நிக்கும், ஆனா காய்க்க 5, 6 வருஷம் ஆகும்.

காட்டாமணக்கு கதை உங்களுக்கே தெரியும். 2003ல மத்திய திட்டக்குழு பயோடீசலுக்குன்னு அத தூக்கிப் பிடிச்சாங்க, எங்க சித்தப்பாவும் கன்னு வாங்கி ஒரு ஏக்கர்ல வச்சாரு, செடி வறட்சிக்கு சாகல, ஆனா தண்ணி இல்லாம காய்க்கவும் இல்ல, காயும் ஒண்ணு பழுத்து ஒண்ணு பச்சையா நின்னா பறிக்கிற கூலிக்கே கட்டல, கன்னு கொடுத்தவரு அப்புறம் அந்தப் பக்கமே வரல.

ஆமணக்கு எண்ணெயும் பயோடீசலுக்கு சரிவராது, ரொம்ப கெட்டி, டீசலா மாத்துன பொறகும் தரம் கேக்குற அளவுக்கு இளகாது. வீட்டுலயே காய்ச்சலாம்னு வீடியோ பாத்து இறங்கிராதீங்க, அதுக்கு சேக்குற மெத்தனால் விஷம், வாங்கவே லைசென்ஸ் வேணும். கிரீஸ், பெயிண்ட், சோப்புக்கு ஆமணக்கு எண்ணெய்க்கு எப்பவும் ஆள் இருக்கு, கொட்டையா வியாபாரிக்கு கொடுங்க, எந்த நிலத்துல விளைஞ்சதுன்னு சொல்லியே கொடுங்க. ஈயம் எண்ணெயில போகாம பெரும்பாலும் புண்ணாக்குலயே தங்கிரும், அதனால அந்த புண்ணாக்க காய்கறிக்கு உரமா போட்டுறக் கூடாது. செக்குல ஆட்டி பிள்ளைக்கு விளக்கெண்ணெய்னு தடவுறதும் கூடாது.

புல்லு முளைக்காத அந்த ஓரத்துல சாம்பல் நிறப் பொடியும் கறுப்பு பேட்டரி ஓட்டுச் சில்லும் கிடக்கும் பாருங்க, பேட்டரி ஆசிட் வேற ஊறியிருக்கும். அந்த மண்ண நீங்களா வெட்டி ஓடையில தள்ளாதீங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குன்னு போட்டோவோட மனு கொடுங்க.

முதல் வேலை மண் டெஸ்ட். மண்வள அட்டையில ஈயம் வராது, தனியா கேக்கணும், எந்த லேப்ல பாப்பாங்கன்னு கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில விசாரிங்க. ஷெட் ஓரம், நடு வயல், கிழக்கு வரப்புன்னு மூணு இடத்துலயும் அரையடி ஆழத்துல தனித்தனியா அரைக்கிலோ எடுங்க, ஒண்ணா கலந்துறாதீங்க, கிணத்துத் தண்ணியும் ஒரு பாட்டில்ல கொடுங்க. ரிசல்ட் வந்ததும் நம்பர எழுதி அனுப்புங்க, எந்தப் பக்கம் ஆமணக்கு, எந்தப் பக்கம் பழையபடி உளுந்து போடலாம்னு அத வச்சு சொல்லுதேன்.