துப்பாக்கி: உரிமையா, உரிமமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆயுதம் தாங்குவது அமெரிக்க அரசமைப்பு தந்த உரிமை. அப்புறம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக எதற்கு உரிமம்? கேட்டு வாங்கினால் அது சலுகைதானே?

பதில்: உரிமம் இருக்கிறதா என்பதைவிட, மறுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நியூயார்க்கில் 2022 வரை, நூறு ஆண்டுக்கும் மேலாக, ‘தகுந்த காரணம்’ காட்டினால்தான் உரிமம் கிடைத்தது. ‘எங்கள் தெருவில் திருட்டு அதிகம்’ என்று சொன்னால் போதவில்லை. உங்களுக்கென்று தனி ஆபத்து இருக்க வேண்டியிருந்தது. அது போதுமா என்று முடிவு செய்தவர் அதிகாரி. அங்கேதான் உரிமை சலுகையாகிப் போனது. 1956-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அலபாமாவில் அவர் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அவரைவிடப் பெரிய காரணம் யாரிடம் இருந்திருக்கும்? அதிகாரியின் மனம்போல முடிவு என்றால் இப்படித்தான் நடக்கும்.

2022 ஜூனில் புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் நியூயார்க்கின் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. உரிம முறையையே அது ரத்து செய்யவில்லை. பின்னணிச் சோதனை, பயிற்சி என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்து, தேறியவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சரி. ஆனால் அளவுக்கு மீறிய காத்திருப்போ கட்டணமோ உரிமையைப் பறித்தால் வழக்குப் போடலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் வழி விட்டிருக்கிறது.

கேள்வி: ஓட்டுநர் உரிமம் மாதிரிதானே இதுவும்?

பதில்: இல்லை. கார் ஓட்டுவது அரசமைப்பில் எழுதப்பட்ட உரிமை அல்ல.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் உரிமம் தேவையில்லையாமே, வாங்கலாமா?

பதில்: டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டமே தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

கேள்வி: கட்டணம் வாங்குவதே தவறு. மதப் பிரசுரம் விற்க உரிமக் கட்டணம் கேட்டதை 1943-இல் நீதிமன்றம் ரத்து செய்ததே?

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது மர்டாக் வழக்கு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, காக்ஸ் வழக்கில், ஊர்வல அனுமதிக்கு நிர்வாகச் செலவு அளவுக்குக் கட்டணம் வாங்கலாம் என்றது அதே நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: செலவுக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம், உரிமைக்கே விலை வைக்கக் கூடாது.

கேள்வி: அதே ஆள்தான். செலவுக்கு மட்டும் என்றாலும், நியூயார்க் நகரில் துப்பாக்கி உரிமக் கட்டணமான 340 டாலர் கூலித் தொழிலாளிக்குச் சின்னத் தொகையா?

பதில்: இல்லை. அதோடு மாநிலச் சட்டப்படி 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி, அதற்கான செலவு, இழக்கும் கூலி எல்லாம் உண்டு. பயிற்சி வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஏழைக்கு எட்டாத விலையில் வைத்தால் ‘தகுந்த காரணம்’ வேறு வழியில் திரும்பி வந்துவிடும். இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நானும்.

கேள்வி: என் மாநில உரிமத்தோடு நியூ ஜெர்சி போகலாமா?

பதில்: கூடாது. ஒரு மாநிலத்தின் உரிமம் இன்னொன்றில் தானாகச் செல்லாது. கிளம்புவதற்கு முன் போகிற மாநிலத்தின் சட்டத்தைப் பாருங்கள். நான் நடத்தும் பயிற்சி வகுப்பில் தினமும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: விசாவில் இருப்பவர் நண்பரின் துப்பாக்கியைச் சுடும் பயிற்சிக் களத்தில் (ரேஞ்சில்) சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: மேலே சொன்ன தடை கையில் எடுப்பதற்கும் பொருந்தும். தண்டனை 15 ஆண்டு வரை போகும். விலக்கு உண்டா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.