கேள்வி-பதில்: சார்லஸ் திரும்பி வந்த இங்கிலாந்து

முலுண்டு, எம்.ஏ. ஆங்கில இலக்கிய மாணவி: ‘1660-இல் மன்னர் வந்ததும் மக்கள் கலையான நாடகம் மீண்டும் மலர்ந்தது’ என்று எழுதினேன். மதிப்பெண் குறைந்துவிட்டது. என்ன தப்பு?

‘மக்கள் கலை’ என்ற இடத்தில்தான் இடிக்கிறது. மன்னராட்சி ஒழிந்திருந்த காலத்தில் வெளிநாட்டில் இருந்த இரண்டாம் சார்லஸ் 1660-இல் மன்னராகத் திரும்பியதும், 1642-இல் நாடாளுமன்றம் மூடிய அரங்குகள் திறந்தது உண்மை. ஆனால் லண்டனில் நாடகம் போடும் உரிமையை இரண்டாம் சார்லஸ் இரண்டே பேருக்கு எழுதிக் கொடுத்தார்: தாமஸ் கில்லிக்ரூ, வில்லியம் டாவனன்ட். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒரு பென்னி கொடுத்தால் முற்றத்தில் நின்றாவது பார்க்கலாம். இப்போது உச்சி மாடத்துக்கே ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. கீழ்த்தளப் பெஞ்சுக்கு இரண்டரை ஷில்லிங், பாக்ஸுக்கு நாலு. யார் வந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அரங்கின் அமைப்பையும் எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. கூரை போட்ட கட்டடம், பகல் மூன்று மணி வாக்கில் ஆட்டம். காட்சி வரைந்த தட்டிகள் இரண்டு பாதியாக இருக்கும். தரையிலும் மேலேயும் உள்ள பள்ளங்களில் இருபக்கமிருந்தும் தள்ளினால் நடுவில் சேர்ந்து பூங்காவாகும். இழுத்தால் பின்னாலிருக்கும் படுக்கையறை தெரியும். திரையை இறக்காமல், பார்வையாளர் கண்ணெதிரிலேயே இது நடக்கும். நடிகர்கள் பெரும்பாலும் தட்டிகளுக்கு முன்னால், பார்வையாளர் சபைக்குள் நீண்டிருந்த மேடையில் நின்று பேசினார்கள். மெழுகுவத்தி வெளிச்சம் சபையிலும் இருந்தது. எதிரே இருப்பவர் முகம் பார்த்துக் கிண்டலாகத் ‘தனக்குள்’ பேசுகிற வசனம் அந்த நாடகங்களில் அவ்வளவு எடுபட இது ஒரு காரணம்.

1660 டிசம்பரில் ‘ஒதெல்லோ’வில் டெஸ்டிமோனாவாக ஒரு பெண் நடித்தார். பெண் வேடத்தைப் பெண்களே போட வேண்டும் என்று 1662 உரிமப் பத்திரம் சொன்னது. அந்த முதல் நடிகை யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது; தேர்வில் பெயர் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தாராவி வாசகர்: கூத்தும் கும்மாளமும் திரும்பியது சரி, கடும் ஒழுக்கம் பேசிய கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் என்ன ஆனார்கள்?

நாடு திரும்புமுன் பிரெடா நகரில் வெளியிட்ட அறிக்கையில், மத நம்பிக்கைக்காக யாரையும் துன்புறுத்த மாட்டோம் என்று சார்லஸ் சொல்லியிருந்தார். நாடாளுமன்றம் அதைக் காற்றில் விட்டது. 1662 சட்டப்படி அரசு ஏற்ற வழிபாட்டு நூலை ஒப்புக்கொள்ளாத போதகர்கள் வேலை இழந்தார்கள். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 2000 பேர். 1664-இல் இன்னொன்று: வீட்டாரைத் தவிர ஐந்து பேர் கூடித் தனியாக ஜெபம் செய்தாலே குற்றம். பியூரிட்டன் போதகரும் எழுத்தாளருமான ஜான் பன்யன் 1660-இல் பெட்ஃபோர்டில் சிறைக்குப் போய் 1672-இல்தான் வெளியே வந்தார். இனிப் பிரசங்கம் பண்ண மாட்டேன் என்று சொல்லியிருந்தால் முன்பே விட்டிருப்பார்கள்.

மாட்டுங்கா வாசகர்: பம்பாய் சீதனமாகப் போனது என்கிறார்களே, எங்கள் மாட்டுங்காவும் சேர்த்தா?

இல்லை. 1661 ஒப்பந்தப்படி சார்லஸை மணக்கவிருந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரினோடு வர வேண்டியவை: இருபது லட்சம் குருசாடோ (போர்ச்சுகீசிய நாணயம்) ரொக்கம், ஆப்பிரிக்கக் கரையில் தாஞ்சியர், இங்கே பம்பாய். கல்யாணம் 1662 மே மாதம். தகராறு ‘பம்பாய் என்றால் எது’ என்பதில் வந்தது. தெற்கே இருக்கும் பம்பாய்த் தீவு மட்டும்தான் என்று கோவாவிலிருந்த போர்ச்சுகீசிய வைசிராய் சாதித்தார். சார்லஸ் சார்பில் பொறுப்பேற்க வந்த ஆபிரகாம் ஷிப்மன் கார்வார் பக்கம் அஞ்சதீவில் காத்துக் கிடந்து 1664-இல் செத்தே போனார். அவருடைய படையிலும் பெரும்பாலோர் நோய்க்குப் பலி. 1665 பிப்ரவரியில் அவருக்குப் பதிலாக ஹம்ப்ரி குக், தீவு மட்டும் என்று ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டு, பிறகு மாஹிமைத் தானாகவே பிடித்துக்கொண்டார். ஆக உங்கள் பக்கமெல்லாம் சீதனமல்ல, ஆக்கிரமிப்பு!

எல்லை பார்க்க வேண்டுமானால் சயான் கோட்டைக்கு ஏறுங்கள். பம்பாய் ஆளுநர் ஜெரார்ட் ஆஞ்சியர் காலத்தில், 1669-க்கும் 1677-க்கும் இடையே கட்டியது. அதற்கு வடக்கே குர்லா பக்கம் முழுக்க அப்போது போர்ச்சுகீசியர் கையில். சார்லஸுக்கோ இந்தத் தீவைக் கட்டிக் காக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. 1668-இல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு பணம், அதைத் தங்கமாகத் தரும் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார்.

செம்பூர் வாசகி: இங்கிலாந்துக்குத் தேநீரைக் கொண்டுவந்தது அந்த ராணிதானாமே?

அரண்மனையில் அதை நாகரிகமாக்கினார், அவ்வளவுதான். அவர் வருவதற்கு முன்பே லண்டன் காபிக் கடைகளில் தேநீர் விற்றது. சாமுவேல் பீப்ஸ் முதல்முறையாகக் குடித்ததை 1660 செப்டம்பர் 25-ஆம் தேதி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ராணியைவிட அந்தக் கடைகள்தான் சுவாரஸ்யம்: ஒரு பென்னிக்குக் காபியும் ஊர் வம்பும். அரசியல் பேச்சு பொறுக்காமல் 1675 டிசம்பர் கடைசியில் சார்லஸ் அவற்றை மூடச் சொன்னார். கிளம்பிய எதிர்ப்பில் ஜனவரியிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

டோம்பிவிலி வாசகர்: 1660-இல் வந்த சட்டத்தில் ‘12-ஆம் ஆட்சியாண்டு’ என்றிருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழையில்லை. தந்தை முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட 1649 ஜனவரி 30-லிருந்தே சார்லஸின் ஆட்சியை எண்ணினார்கள். மன்னரில்லாமல் கிராம்வெல் ஆண்ட காலமே நடக்காதது போல. ஆட்சியாண்டோடு 1648-ஐக் கூட்டுங்கள்: 12-க்கு 1660 வரும். ஆண்டு ஜனவரி 30-இல் மாறுவதால், ஜனவரி 1 முதல் 29 வரையிலான தேதிக்கு மட்டும் இன்னொன்று கூட்ட வேண்டும். அக்காலப் பத்திரங்களில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கும். அதனால் தலை வெட்டிய தேதியையே ‘1648 ஜனவரி 30’ என்று எழுதியிருப்பார்கள். அதையும் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.