சுகர் இருக்கிற அம்மா சாப்பிட்டிட்டு நடந்தா உண்மையாவே பிரயோசனம் இருக்கா?

ஓம், நிச்சயமா இருக்கு. நடக்கேக்க கால் தசையள் இன்சுலினைப் பெருசா எதிர்பார்க்காமலே இரத்தத்தில இருக்கிற குளுக்கோஸை இழுத்தெடுக்கும், அதால இரவு புட்டோ இடியப்பமோ சாப்பிட்ட கையோட டிவிக்கு முன்னால இருக்காம 10, 15 நிமிஷம் நடந்தாலே சுகர் சடாரெண்டு ஏறாது, நாளடைவில பிரஷருக்கும் நித்திரைக்கும்கூட நல்லம். உலக சுகாதார அமைப்பு பெரியாக்களுக்குக் கிழமைக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்லுது, அதைப் பிரிச்சுப் பிரிச்சு நடக்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில எண்டா மரைன் டிரைவ் நடைபாதை காணும், ரயில் தண்டவாளத்தில மட்டும் தயவுசெய்து நடக்க விடாதேங்கோ. சுகர்காரர் கனபேருக்குக் காலில காயம் பட்டாலும் தெரியாமப் போகலாம், அதால சப்பாத்து கட்டாயம், வந்து உள்ளங்காலையும் பாருங்கோ. இன்சுலின் போடுறவ எண்டா கையில நாலஞ்சு டொபி இருக்கட்டும், வியர்த்து நடுங்கினா உடன குடுங்கோ. டொக்டரைக் கேக்காம மருந்தை நிப்பாட்ட வேண்டாம்.