எந்தப் படம், எந்த வரிசை, எந்த செட்டிங்?

கே: லீவுக்குப் பிள்ளைகளோடு பார்க்க அடிதடி இல்லாத படம் ஒன்று சொல்லுங்கள். ஏழு வயசு, பத்து வயசு. (அம்மாபேட்டை)

ப: 'குரங்கு பெடல்' (2024). ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையைக் கமலக்கண்ணன் படமாக்கியிருக்கிறார். 1980 கோடை, நம்ம பக்கத்துக் கிராமம், வாடகை சைக்கிள். சைக்கிள் ஓட்டவே தெரியாத அப்பாவாகக் காளி வெங்கட். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பையன், சைக்கிளின் குறுக்குக் கம்பியான பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒருபக்கமாக வளைத்து மிதிப்பதற்குத்தான் குரங்கு பெடல் என்று பேர். இப்போதைய சின்ன சைக்கிள்கள் பலவற்றில் அந்த பாரே கிடையாது. அதனால் தெருவில் ஒரு பழைய சைக்கிளை முதலில் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வேடிக்கை புரியாது. படம் நிதானமாகத்தான் போகும். கையில் செல்போன் இருந்தால் இருபது நிமிஷம்கூடத் தாங்க மாட்டார்கள்.

கே: யுஏ 16+ படத்துக்கு 12 வயசுப் பையனை விடுவார்களா? (அழகாபுரம்)

ப: நீங்கள் கூட இருந்தால் விடலாம். 2024 தணிக்கை விதிகளின்படி யுஏ சான்றிதழ் இப்போது 7+, 13+, 16+ என மூன்று. மூன்றுமே பெற்றோருக்கான எச்சரிக்கை, தடை அல்ல. 'ஏ' அப்படியில்லை. 18 ஆகாதவரை அப்பா அம்மா கூட வந்தாலும் உள்ளே விடக்கூடாது. டிக்கெட் எடுத்தபின் வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை, முன்பதிவுப் பக்கத்தில் படப் பெயருக்குக் கீழேயே போட்டிருக்கும், பார்த்துவிட்டு எடுங்கள்.

கே: புது டிவியில் படம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. பாட்டு அலறுகிறது, வசனம் கேட்கவில்லை. (ஏற்காடு)

ப: படம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். டிவி நடுவில் தானாக ஃபிரேம்களைச் செருகுவதால்தான் அந்த வழவழப்பு. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டால் போதும். வசனத்துக்கு வேறு வைத்தியம். பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர், அதுவும் பெரும்பாலும் கீழ்நோக்கி. படம் பார்க்கும் செயலியின் ஆடியோ பட்டியலில் 5.1-ஐ விட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். வால்யூமைக் கூட்டினால் பாட்டுதான் இன்னும் அலறும்.

கே: 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே வரவில்லையே, காப்பி கோளாறா? (ஆத்தூர்)

ப: கோளாறு இல்லை. இசையே கிடையாது, பி.எஸ். வினோத்ராஜ் அப்படித்தான் எடுத்தார். ஹெட்போன் போட்டுப் பாருங்கள், ஆட்டோ சத்தமே ஒரு பாத்திரம்.

கே: மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்? (கன்னங்குறிச்சி)

ப: சேலத்தில் அந்த ஸ்டுடியோவின் வாசலாக இருந்த வளைவைத் தினமும் தாண்டிப் போகிறவர் நீங்கள், கேட்கவே வேண்டாம்: 'மந்திரி குமாரி' (1950). டி.ஆர். சுந்தரமும் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் இயக்கியது, வசனம் மு. கருணாநிதி. நாயகன் எம்.ஜி.ஆர். என்றாலும் படத்தைத் தூக்கிக்கொண்டு போவது வில்லன் எஸ்.ஏ. நடராஜன்தான். 'வாராய் நீ வாராய்' வரும்போது வரிகளை மட்டும் கேட்காதீர்கள். வில்லன் தன் மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப்போவது தள்ளிவிட. குரல்களோ தேன். அவள் கடைசியாக அவனை வலம்வரக் கேட்பது குண்டலகேசி கதை. அது தெரிந்திருந்தும் அந்த இடம் வந்தால் மூச்சு நிற்கும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலப் படம் ஏறக்குறைய சதுரம். திரை முழுக்க இழுத்து வைத்தால் எல்லார் முகமும் பூசணிக்காய் ஆகிவிடும். படவிகிதத்தை 4:3-ல் வையுங்கள், இருபக்கமும் கறுப்பாக இருந்தால்தான் சரி. வண்ணத்தில் வேண்டுமென்றால் அடுத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956).

கே: தியேட்டரில் எந்த வரிசை? (சூரமங்கலம்)

ப: திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில். கடைசி வரிசை வேண்டாம். பின்சுவர் ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே கத்தும், பாஸ் எனும் கனத்த ஒலி சுவரில் மோதிக் குழம்பும்.